இடது கை பேச்சைக் கேட்ட பெட்டி

வாழப்பாடியிலிருந்து பேளூர்ப் பக்கமாகப் பாக்கு காயும் களங்களைத் தாண்டி எந்த ஊருக்குள் நுழைந்து விசாரித்தாலும் ஒரு பழைய கீபோர்டு கண்ணில் படும். ஒரு வீட்டில் பழைய வேட்டி சுற்றிப் பரண்மேல் கிடக்கும். ஒரு சபையில் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கும். ஒரு மாரியம்மன் கோயில் பஜனைக் குழுவிடம் பலகைப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். அனேகமாக யமஹா, அடுத்தபடி காசியோ, எப்போதாவது ரோலண்ட் அல்லது கோர்க். விற்கப் போனால் ஒன்றும் தேறாது என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். சிலர் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டு வேளை தாண்டிவிடும்.

நானும் அப்படிப் பேசுகிறவர்களைத் தேடிப் போய்க் கேட்கிறவன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கச்சேரி மேடையில் பாடுகிறவருக்காகக் காத்திருக்கத் தெரிந்த கடைசி இயந்திரம் இந்தப் பெட்டிதான் என்று நான் நம்புகிறேன்.

இதை அரேஞ்சர் கீபோர்டு என்பார்கள். எங்கள் பக்கம் அந்தப் பெயர் புழங்குவதில்லை. 'ரிதம் வெச்ச கீபோர்டு' என்றால் எல்லோருக்கும் புரியும். இடது கையில் ஒரு கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சில சுரங்கள், பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிடார், வயலின் கூட்டம் எல்லாம் அந்தக் கார்டுக்கு ஏற்பத் தானாக வாசிக்கும். கார்டை மாற்றினால் மொத்தக் கூட்டமும் கூடவே மாறும். வலது கை பாட்டை வாசிக்கும். பாட்டுக்கு முன்னால் ஓட ஒரு இன்ட்ரோ, பல்லவிக்கும் சரணத்துக்கும் தனித்தனி மெயின், இரண்டுக்கும் நடுவில் உருட்டுவதற்கு ஒரு ஃபில், முடிக்க ஓர் எண்டிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு ஸ்டைல். யமஹா பெட்டிகளில் ஸ்டைலை வழக்கமாக ஒரு கட்டைச் சுருதியில், மேஜர் செவன்த் கார்டில் பதிந்து வைப்பார்கள். வாசிக்கிறவர் நாலரைக் கட்டையில் மைனர் பிடித்தால், பதிந்த சுரங்களை எந்த விதிப்படி எங்கே நகர்த்துவது என்ற கணக்கைப் பெட்டி அந்தக் கணத்திலேயே போட்டுக்கொள்ளும். உள்ளே பாட்டு எதுவும் இல்லை. பாட்டுக்கு இடம் விட்டு வைத்த ஓர் ஒழுங்கு மட்டும் இருக்கிறது.

இந்த யோசனை நம் ஊருக்காகப் பிறந்தது அல்ல. ஐரோப்பாவின் வீட்டு ஆர்கன்களிலும், இடது கைக்குக் கார்டு பட்டன்கள் வைத்த அக்கார்டியனிலும் இதன் வேர் இருக்கிறது. கல்யாணத்திலும் ஓட்டலிலும் ஒற்றை ஆளாக வாசித்துப் பிழைத்தவர்களுக்கு ஒரு குழுவையே கையில் கொடுக்கும் கருவி தேவைப்பட்டது. அக்கார்டியன் செய்து பேர்போன இத்தாலிதான் பிறகு இந்த வகைக் கீபோர்டுகளுக்கும் பெரிய களமானது. ஜப்பான் கம்பெனியான ரோலண்டின் ஈ-20 அந்த இத்தாலியத் தொடர்பில்தான் 1988இல் வந்தது. அதற்கு முன்பே, 1980இல், காசியோ தன் முதல் காசியோடோனை இறக்கி, கீபோர்டு என்பது நடுத்தரக் குடும்பமும் வாங்கக்கூடிய பொருள் என்று ஆக்கியிருந்தது. பிறகு யமஹாவின் பி.எஸ்.ஆர். வரிசை உலகமெங்கும் பரவியது. நம்மிடம் இவை முறையான கடைகள் வழியாக வருவதற்கு முன்னால், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்களின் சாமான்களோடும், சென்னை பர்மா பஜார் வழியாகவும் வந்தன. ஒரு கீபோர்டுக்காக வீட்டில் நகை அடகு போன கதையை நான் ஒருவரிடம் மட்டும் கேட்கவில்லை.

வாங்கிய பிறகு அது ஒரு சொத்து. ஆடி மாதம் முழுக்கச் சேலத்திலும் ஆத்தூரிலும் வாழப்பாடியிலும் மாரியம்மன் பண்டிகைகள். தை, மாசியிலும் விட்டு விட்டுத் திருவிழாக்கள். இடையில் கல்யாண வரவேற்புகள். குழுவில் கீபோர்டு சொந்தமாக வைத்திருப்பவருக்கு வாசிக்கும் சம்பளம் ஒரு பங்கு, பெட்டிக்கு ஒரு பங்கு. வாசிக்கப் போகாத நாளில் வாடகைக்கு விடலாம். மலையாளப் படங்களில் இசை நடத்துநராக இருந்த ஆர்.கே. சேகர் 1976இல் இறந்த பிறகு, அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் ஏ.ஆர். ரகுமானின் குடும்பம் சிலகாலம் பிழைத்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. அது சென்னையில் நடந்தது என்றாலும், கருவி ஒரு வீட்டுக்குச் சோறு போடும் விஷயத்தில் வசிஷ்ட நதிக்கரை ஊர்களும் வேறில்லை.

இந்தப் பெட்டி எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மெல்லிசைக் குழு என்றால் ஒரு வேன் நிறைய ஆள். தபேலா, டோலக், காங்கோ, டிரம்ஸ், பேஸ் கிடார், இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல். ரிதம் வைத்த கீபோர்டு வந்ததும், வேனிலிருந்து முதலில் இறங்கியவர் பேஸ் கிடார்க்காரர். அடுத்து டோலக். ஆக்டோபேட் என்ற மின்தாளப் பலகை வந்தபோது மற்ற தாளக்காரர்களில் பலரும் இறங்கினார்கள். அப்படி இறங்கிய தபேலாக்காரர் ஒருவர் இப்போது அயோத்தியாப்பட்டணம் பக்கம் கறிக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் கீபோர்டைப் புகழ்ந்து பேச எனக்கு வாய் வரவில்லை. "அது மேல கோவம் இல்லீங்க தம்பி. அதுக்குப் பசி எடுக்காதில்ல, அதான் நம்ம எடத்துக்கு வந்துடுச்சு" என்றார். அவர் சொன்னதற்குப் பதில் இல்லை.

ஆனால் அதே அநியாயம் பிறகு இந்தப் பெட்டிக்கும் நடந்தது. இன்று பாதி மேடைகளில் கீபோர்டும் இல்லை. பென்டிரைவில் ட்ராக் வருகிறது, பாடகர் மைக்கைப் பிடிக்கிறார், அவ்வளவுதான். அசல் பாட்டில் இருந்த அதே வயலின், அதே குழல். கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. பாடகர் ஒரு அடியை மறந்துபோகும் வரைக்கும்.

பேளூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கீபோர்டு மாஸ்டரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாகக் கச்சேரி செய்கிறவர். அவர் உடனே பதில் சொல்லாமல், எதிரே இருந்த தன் யமஹா பி.எஸ்.ஆர்.-2000இல் ஒரு ரிதத்தை ஓடவிட்டு, இடது கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ரிதம் ஓடிக்கொண்டே இருந்தது. கார்டு மாறவில்லை. "இப்பப் பாடகர் தண்ணி குடிக்கிறார்னு வெச்சுக்கங்க. இல்ல, ஊர்க் கவுண்டர் மேடையேறி மாலை போடுறார். நான் இங்கயே நிப்பேன். அவர் 'ம்' னு கண்ணக் காட்டுனா, ஒரு ஃபில்லு, சரணத்துக்குப் போயிருவோம். ட்ராக்கு இப்படி நிக்குங்களா? அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். நாமதான் பின்னாடி ஓடணும்."

அதோடு விடாமல் இன்னொன்றையும் காட்டினார். சின்க் ஸ்டாப் என்று ஒரு பட்டன். அதைப் போட்டுவிட்டால் இடது கையை எடுத்ததும் ரிதம் நின்றுவிடும். மறுபடி கை வைத்த நொடியில் தொடங்கும். விருத்தம் பாடுகிறவர்களுக்கு இதைப் போல உதவி வேறில்லை என்றார். ஒருவர் அம்மனைக் கூப்பிட்டு இழுக்கிறார், எவ்வளவு நேரம் இழுப்பார் என்று அவருக்கே தெரியாது. இவர் கையைத் தூக்கி வைத்திருப்பார். அந்த இழுப்பு இறங்கி வந்து சுருதியில் உட்காரும் இடத்தில் கையும் இறங்கும். ரிதமும் குரலும் ஒன்றாக விழும். காய்ச்சலோடு பாட வந்தவருக்கு ட்ரான்ஸ்போஸ் பட்டனில் அரைக்கட்டை குறைப்பதை இன்றைய ட்ராக்கிலும் செய்துவிடலாம். காத்திருக்கச் சொல்வதுதான் முடியாது. மனிதர் தவறினாலும் தயங்கினாலும் உணர்ச்சிவசப்பட்டாலும், அதற்கேற்ப நடந்துகொள்ளும் கருவிக்கும், ஓடுகிற ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனிக்காமலே விட்டுவிட்டோம். இரண்டையும் 'மெஷின்' என்று ஒரே கணக்கில் எழுதிவிட்டோம்.

மேற்கத்தியக் கார்டு பிடிக்கும் கருவியில் அம்மன் பாட்டு எப்படி உட்காரும் என்பது பலருக்கும் வரும் சந்தேகம். நம் நாட்டுப்புற மெட்டிலும் சரி, ராகத்திலும் சரி, பாட்டுக்கு அடியில் மேஜரா மைனரா என்று தீர்ப்புச் சொல்லும் காந்தாரம் ஓடிக்கொண்டிருந்தால் பல இடங்களில் உறுத்தும். அனுபவப்பட்டவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். காந்தாரத்தை விட்டுவிட்டு ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடிப்பார்கள். யமஹா பெட்டிகளில் பலவற்றுக்கு இது புரியும்; கார்டுப் பட்டியலில் 'ஒன்று கூட்டல் ஐந்து' என்றே ஒரு வகை இருக்கிறது. பிடித்ததும் கிடாரும் வயலினும் தங்கள் காந்தாரத்தை விட்டு ச-ப, ச-ப என்று நிற்கும். ஐரோப்பிய இரைச்சலாக இருந்த ஸ்டைல் ஒரு விநாடியில் தம்பூராவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ராக்கின் முரட்டுக் கிடார் வாசிப்புக்கும் இந்தக் கார்டு வேண்டும். எங்கள் பக்கம் அது மாரியம்மனுக்கு ஆனது.

அதைவிட என்னை வியக்க வைத்தது உறுமி. கிராமத்துப் பாட்டு என்றால் உறுமியின் அந்த முனகல் இல்லாமல் ஆகாது. 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த பெட்டியில் உறுமிக்கு எங்கே போவது? அதன் ஸ்டைல் பட்டியலில் போல்கா உண்டு, வால்ட்ஸ் உண்டு, போசா நோவா உண்டு. மாஸ்டர் டிரம் கிட்டின் ஒவ்வொரு கீயாக அழுத்திப் பார்த்திருக்கிறார். மேல் பக்கம் விசில், குயிரோ எல்லாம் தாண்டி இரண்டு கீகளில் ஏதோ முனகியது. அது குயிக்கா. பிரேசில் நாட்டுத் தோல்கருவி; தோலின் உட்புறம் பொருத்திய குச்சியைத் தேய்த்து ஒலி எழுப்புவார்கள். உறுமியும் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து முனக வைப்பதுதான். உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு சனங்கள் அடித்து மட்டும் திருப்திப்படாமல் தோலைத் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். 1991இல் கீபோர்டுக் கம்பெனிகள் எல்லாருக்கும் பொதுவான ஒலி வரிசை ஒன்றை வகுத்தபோது, குயிக்காவுக்கு அதில் இரண்டு எண்கள் கிடைத்தன. உறுமிக்குக் கிடைக்கவில்லை. மாஸ்டர் அந்த இரண்டு எண்களையும் எடுத்து உறுமியாக்கிக்கொண்டார். குயிக்கா என்ற பேர் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தவிலின் வலந்தலைக்கு டிம்பாலே, தொப்பிக்கு ஃப்ளோர் டாம். ஸ்டைல் க்ரியேட்டரில் ஒவ்வொரு பகுதியாக, விரலால் தட்டி, திரும்பக் கேட்டு, அழித்து, மறுபடி தட்டிப் பதிந்திருக்கிறார். தாளம் பிசகினால் பெட்டியே நேர்ப்படுத்திக் கொடுக்கும் க்வாண்டைஸ் வசதியை மட்டும் அவர் தொடவில்லை. "அதப் போட்டா உறுமி நேரா நிக்குது. உறுமி நேரா நின்னா அது உறுமி இல்லீங்க" என்றார்.

ஒரு கீபோர்டின் சாதாரண ரிதம் ஒரு நாட்டு இசையையே திருப்பிய கதை வெளியிலும் உண்டு. காசியோவில் சேர்ந்த புதிதில் ஒகுடா ஹிரோகோ என்ற பெண் எம்.டி.-40 என்ற சின்னக் கீபோர்டுக்கு அமைத்த 'ராக்' ரிதம், 1985இல் ஜமைக்காவில் வெய்ன் ஸ்மித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' பாட்டுக்கு அடித்தளமானது. அதன்பிறகு அந்தத் தீவின் ரெகே இசை கணினித் தாளத்தின் பக்கம் திரும்பியது. அங்கே கம்பெனி கொடுத்ததை எடுத்துக்கொண்டு தங்கள் பாட்டைப் பாடினார்கள். இங்கே கம்பெனி கொடுக்காததைத் தட்டித் தட்டி உள்ளே ஏற்றினார்கள். இரண்டாவதை எழுதி வைக்க ஆளில்லாமல் போயிற்று. பிற்பாடு யமஹாவில் பி.எஸ்.ஆர்.-ஐ425 என்றும் காசியோவில் 'ஐ.என்.' என்ற எழுத்துகளோடும் இந்தியாவுக்கென்றே ஒலியும் ரிதமும் வைத்த மாதிரிகள் வந்தன. தபேலா, டோலக், பாங்க்ரா எல்லாம் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதில் வரும் இந்தியா பெரும்பாலும் வடக்கே இருக்கிறது. சேலத்துப் பம்பையை இன்றும் யாராவது ஒருவர் தானேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கீபோர்டில் கமகம் வராது, அசையாத சுரம் நம் சங்கீதத்துக்கு ஆகாது என்ற பேச்சு பழசு. அதே காரணத்தைச் சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தையே விலக்கி வைத்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அந்த முப்பது வருடமும் சேலம், தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் ஹார்மோனியப் பெட்டி விடிய விடியப் பாடிக்கொண்டுதான் இருந்தது. கீபோர்டில் சுரத்தை வளைக்க இடப்பக்கம் ஒரு சக்கரம் இருக்கிறது. அதை வைத்தே கீபோர்டு சத்யா போன்றவர்கள் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார்கள். ரிதம் ஓடும்போது இடது கை கார்டில் இருக்கும் என்பதால், எங்கள் மேடைக் கலைஞருக்கு அந்தச் சக்கரத்தைத் தொடக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் செய்யும் ஒரு வளைவை வைத்தே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம்.

இனி, பழசாவதைப் பற்றி. பழைய கீபோர்டு வைத்திருக்கும் எல்லோரும் சொல்லும் முதல் குறை, 'நடுவுல ரெண்டு கட்டை பேசல' என்பது. திறந்து பார்த்தால் விஷயம் எளிது. ஒவ்வொரு கீயின் கீழும் ரப்பர் பட்டையில் சின்னக் குமிழ். குமிழுக்குள் கரி தடவிய இரண்டு பொட்டு. கீயை அழுத்தினால் முதல் பொட்டு ஒரு கணம் முன்னால் பலகையைத் தொடும், இரண்டாவது பின்னால் தொடும். இரண்டுக்கும் நடுவில் ஓடிய நேரத்தை வைத்துத்தான், மெல்லத் தொட்டீர்களா வேகமாக அடித்தீர்களா என்று பெட்டி தெரிந்துகொள்கிறது. தூசியும் வியர்வையும் சேர்ந்து பொட்டு மூடினால் அந்த நேரக்கணக்கு குழம்பும். கீ ஊமையாகும், அல்லது மெதுவாகத் தொட்டாலும் திடீரென்று கத்தும். பேசாத கீயைவிடக் கத்தும் கீதான் மேடையில் ஆளைக் கொல்லும். ரப்பர் பட்டையை அலுங்காமல் உரித்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துணி நனைத்துப் பலகையைத் துடைத்து, நிழலில் உலர்த்தி மறுபடி பதித்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஒரு சபைக் கீபோர்டை இப்படித் திறந்தபோது நான் கூட இருந்தேன். பலகை ஓரத்தில் பல்லி முட்டைகள், ஒரு ஊக்கு, காணிக்கைக்கு வந்து உள்ளே நழுவிய எட்டணா, இதெல்லாம் கிடைத்தது. துடைத்து மூடியதும் அந்தச் சபையின் பையன் உட்கார்ந்து கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனான். அறுபத்தொன்றும் பேசின.

இன்னொரு சாவு அடாப்டரால் வருவது. யமஹாவின் சிறிய பெட்டிகள் பலவற்றுக்கு 12 வோல்ட், ஊசியின் நடு பிளஸ். பழைய காசியோ பலவற்றுக்கு 9 வோல்ட், நடு மைனஸ். முனை ஒன்றுபோல நுழையும். அவசரத்தில் பக்கத்துக் குழுவின் அடாப்டரை வாங்கிச் செருகிப் பெட்டியை இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கத்தில் போனவையும் உண்டு.

பெட்டியைவிடச் சீக்கிரம் சாகிறது ஃப்ளாப்பி. பி.எஸ்.ஆர்.-740, 2000 மாதிரியான பெட்டிகளில், செய்த ஸ்டைல்களை ஃப்ளாப்பியில்தான் ஏற்றி வைத்தார்கள். ஒன்றுக்கு 1.44 மெகாபைட், இன்றைய செல்போன் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. அந்த இடத்துக்குள் ஒருவரின் வாழ்நாள் தாளமெல்லாம் இருக்கும். மாஸ்டரின் வீட்டில் பழைய பிஸ்கட் டப்பாவில் ஃப்ளாப்பிகள் அடுக்கியிருந்தன. லேபிளில் பேனாவால் எழுதியிருந்தார்: 'தெம்மாங்கு ஸ்லோ', 'உறுமி 2', 'கும்மி', 'கரகம் ஸ்பீடு'. சிலவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. திறந்தால் டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை என்று திரையில் வரும். அவருடைய நண்பர் ஒருவர் செய்து வைத்திருந்த பம்பை ரிதம் அப்படித்தான் போனது. நண்பரும் இப்போது இல்லை. சேலம், நாமக்கல் பக்கத்து மெல்லிசைக் குழுக்கள் கால் நூற்றாண்டு வாசித்ததற்கு ஏடு என்று ஒன்று உண்டென்றால் அது இந்த டப்பாக்கள்தான். சினிமாப் பாட்டு எங்கேயும் கிடைக்கும். அதை எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஏற்றபடி எப்படி நடக்கவைத்தார்கள் என்பது வேறெங்கும் பதிவாகவில்லை. நூலகங்களும் நாட்டுப்புறவியல் துறைகளும் ஒலிநாடாவைத் தேடுகிற அக்கறையோடு இந்த ஃப்ளாப்பிகளையும் தேடி எடுக்க வேண்டும். பூஞ்சை யாருக்காகவும் காத்திருக்காது.

வழி இல்லாமல் இல்லை. ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் யு.எஸ்.பி. பென்டிரைவ் செருகும் பலகை ஒன்றைப் பொருத்தலாம். பெட்டி அதை ஃப்ளாப்பி என்றே நம்பிக்கொள்ளும். யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் வாங்கிக் கணினியிலும் நகல் எடுக்கலாம். மாஸ்டரின் மகன் அப்படித்தான் படிக்கக்கூடியவற்றை எல்லாம் நகல் எடுத்தான். போன வருடம் புதிய கீபோர்டும் வாங்கிக் கொடுத்தான். பழைய ஸ்டைல்களைப் புதியது தடையில்லாமல் திறந்தது. ஆனால் ஸ்டைல் கோப்பில் ஒலி கிடையாது. எந்தக் கீ, எந்தக் கணத்தில், எவ்வளவு அழுத்தம், எந்த எண் ஒலி என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கும். அதே எண்ணில் புதிய பெட்டி வைத்திருக்கும் குயிக்கா சுத்தமாகப் பதிவு செய்த பிரேசில் குயிக்கா. பழையதில் இருந்த கரகரப்பு அதில் இல்லை. மாஸ்டர் இரண்டு நாள் போராடிப் பார்த்தார். ஒலியைக் கீழே இறக்கினார், எக்கோவைக் குறைத்தார். உறுமி வரவில்லை.

இப்போது கச்சேரிக்கு இரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போகிறார். சினிமாப் பாட்டுக்குப் புதியது, அம்மன் பாட்டுக்குப் பழையது.